மரங்களின் கீழே யாரும் இல்லை

அன்பு மகன் அருளப்பனுக்கு,

உனக்கும் உன் கையைப் பிடிக்கப் போகிறவளுக்கும் ஆண்டவர் நல்ல சுகம் தரட்டும். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பாஸ்குத் திருநாள் கழிந்ததும் தைப்பிங்கில் கல்யாணம், அது முடிந்த கையோடு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலையில் சேர வேண்டும், துரை தனி வீடு ஒதுக்கியிருக்கிறார் என்றெல்லாம் எழுதியிருந்தாய். சந்தோஷம். என்னையும் அங்கே வந்து இருக்கச் சொல்லியிருக்கிறாய். வீட்டுக் கூடத்தில் மாட்ட அப்பா வரைந்த மரப் படத்தையும் கேட்டிருக்கிறாய். பெண் வீட்டாரிடம் அதைப் பற்றி நீ சொன்னதையும் ஒரு வரி விடாமல் எழுதியிருக்கிறாய். உன் தகப்பனார் வெறும் பென்சிலால் வரைந்த மரங்களை வெள்ளைக்காரத் துரை தன் அறையில் மாட்டி வைத்திருந்தார், பக்கவாதத்தில் அவர் விழுந்த பிறகு அம்மா அந்தப் படத்தைக் கட்டிலுக்கு எதிரே மாட்டி, கடைசி மூச்சு வரை அவர் கண்ணில் படும்படி வைத்திருந்தார்கள் என்று. அதைக் கேட்டுப் பெண்ணின் தாயார் கண் கலங்கிவிட்டார்களாம்.

படத்தைத் தருகிறேன். அந்த அம்மாளின் கண்ணீரை மட்டும் என்னால் வாங்கிக்கொள்ள முடியாது. நீ இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அவர்களுக்கும் படித்துக் காட்டு. உன் மனைவி ஆகப் போகிறவள் கட்டாயம் கேட்க வேண்டும். மறைத்தவர் மண்ணுக்குள் போய்விட்டார். இனி மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

உன் அப்பாவின் கை நல்ல கை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு பாதிரிச் சாமியார் பிடித்துப் பழக்கிய கை. இங்கே கப்பலேறி வந்து, துறைமுகத்தை ஒட்டிய ஒரு கம்பெனியில் கிடங்குகளுக்கும் கட்டடங்களுக்கும் பிளான் வரைகிற வேலையில் சேர்ந்தார். பகல் முழுக்க அடிக்கோலை வைத்துச் சுவரும் கதவும் ஜன்னலும். அது சோறு போட்டது, பெயர் தரவில்லை. தன் கையைப் பார்த்து ஒருவன், அதிலும் வெள்ளைக்காரன் ஒருவன், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும் என்பது அவருக்குப் பசியாகவே இருந்தது. வீட்டில் நாங்கள் சொன்னால் அது கணக்கில் சேராது.

கம்பெனிக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், சூலியா தெரு ராவுத்தர் ஒருவருக்குச் சொந்தமான வெற்று நிலம் இருந்தது. அதில் வரிசையாக ஐந்து தூங்குமூஞ்சி மரங்கள். நடு மரத்தடியில் என் அக்கா சவரியம்மா, உன் பெரியம்மா, ஆப்பம் சுட்டு விற்றாள். உனக்கு அவள் முகம் மறந்திருக்கும். உன் பெரியப்பா தொங்கான் படகிலிருந்து மூட்டை இறக்கும்போது படகுக்கும் ஜெட்டிக்கும் நடுவில் நசுங்கிச் செத்தவர். அக்கா யார் வீட்டுப் படியும் ஏறாமல் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் உட்கார்ந்தாள். ராவுத்தர் வாடகை கேட்டதே இல்லை. "இருந்துட்டுப் போம்மா, நீ ஒக்காந்தா மரம் ஒண்ணும் தேஞ்சு போவாது" என்று சொல்லிவிட்டாராம். விடியும் முன்பே துறைமுகத்து ஆட்கள் அவளைச் சுற்றி நிற்பார்கள். அந்த ஆப்பத்தில்தான் தன் மகள் ரெஜினாவைக் கான்வெண்டில் படிக்க வைத்தாள். ரெஜினா உன்னைவிட ஒரு வயது இளையவள். உன் பின்னாலேயே "அண்ணே அண்ணே" என்று திரிவாள்.

அந்த மரங்களை வரைய வேண்டும் என்று உன் அப்பாவுக்கு ஒரு பித்துப் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்கு வராமல் அங்கே போய் உட்காருவார். பென்சில்களைச் சவரக்கத்தியால் ஊசி மாதிரி சீவுவார். கிளைக்குக் கெட்டியான பென்சில், அடிமரத்து நிழலுக்கு மிருதுவான கறுப்புப் பென்சில். சீவும்போது உதிர்கிற கரித்தூளையும் விடமாட்டார், மூடியில் சேர்த்து வைத்து, காகிதத்தைச் சுருட்டி அதில் தொட்டு மேகத்துக்குப் பூசுவார். உள்ளங்கை வியர்வை படாமல் இருக்கக் கைக்கு அடியில் இன்னொரு தாள். இலையை இலையாகப் போடவே மாட்டார். "எலைய யாரு வேணா போடலாம். எலைக்கு நடுவுல இருக்குற இருட்டப் போடணும். இருட்டப் போட்டா எலை தானா வந்துரும்" என்பார். வெயில் ஏறினால் மூடிவிடுவார், மறு ஞாயிறு அதே வெளிச்சத்துக்காகக் காத்திருப்பார். ஒரு கிளைக்காக ஒரு மாதம் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வேலை என்று வந்தால் அந்த மனிதருக்குப் பொறுமை கடல் மாதிரி. எங்களிடம்தான் அது இருக்காது.

அழிப்பதற்கு ரப்பர் வைத்துக்கொள்ளமாட்டார், தாள் தேய்ந்துவிடுமாம். ரொட்டியின் வெள்ளைச் சதையைப் பிசைந்து, உருட்டி, அதை ஒற்றி ஒற்றிக் கரியை எடுப்பார். பிசைந்து கொடுப்பது என் வேலை. நீ காய்ந்த ஓரத்தைக் கோப்பியில் முக்கித் தின்பாய். ஒரு நாள் நீ வெள்ளை வேண்டும் என்று அழுதாய். அவர் ஒற்றி முடித்திருந்த சாம்பல் நிற உருண்டையை உன் கையில் வைத்து, "இந்தா, வெள்ள கேட்டியே, தின்னு" என்றார். நான் எழுந்து வருவதற்குள் நீ வாயில் போட்டுவிட்டாய். முழுங்கும் வரை உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து வேலையைத் தொடர்ந்தார். உனக்கு இது நினைவில்லை. நினைவிருந்தால் பெண் வீட்டாரிடம் அந்தப் படத்தின் கதையை நீ வேறு விதமாகச் சொல்லியிருப்பாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் உட்கார்ந்தது அக்கா கொடுத்த மரப்பெட்டியில். தின்றது அக்கா சுட்ட ஆப்பம். ஆட்கள் வெளிச்சத்தை மறைத்தால், "தள்ளி நில்லுங்கப்பா, எங்க தம்பி படம் போடுது" என்று அவளே விரட்டுவாள். ஒரு நாள் கூச்சத்தோடு கேட்டாளாம், "என்னையும் போடுவீங்களா தம்பி?" என்று. போட்டார். நடு மரத்தடியில் அடுப்பின் மேல் குனிந்திருக்கும் அக்கா, பின்னால் தேங்காய்ப்பால் சட்டியோடு ரெஜினா. விரல் நகத்து அளவுதான். ஆனால் முக்காடு வழுக்கிய விதத்தைப் பார்த்தே அக்கா என்று சொல்லிவிடலாம். படத்தை அவளிடம் காட்டியபோது நானும் இருந்தேன். மாவுக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, தொடாமல், சும்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.

முடிந்த படத்தை உன் அப்பா அலுவலக மேசைக்குள் வைத்திருந்தார். யாராவது பார்க்கட்டும் என்றுதான் வைத்தார். துரையே பார்த்தார். தூக்கிப் பிடித்து, ஜன்னல் வழியே எதிரே நிற்கும் மரங்களைப் பார்த்து, மறுபடி படத்தைப் பார்த்து, அருமையாக இருக்கிறது என்றாராம். அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. பிறகு, இந்தப் பெண்பிள்ளையும் புகையும்தான் இடைஞ்சல், எடுத்துவிட்டால் என் அறையில் மாட்டிக்கொள்கிறேன் என்றாராம். துரைக்கு அப்போதே மனதில் வேறு எண்ணம் இருந்ததா, படம்தான் பிடித்திருந்ததா, எனக்குத் தெரியாது. உன் அப்பாவுக்கும் தெரியாது. அவர் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ரொட்டி பிசையச் சொன்னார். பிசைந்து கொடுத்தேன். எதற்கு என்று எனக்குத் தெரியாது. கோப்பியோடு திரும்பி வந்தபோது அக்காவின் தலை போயிருந்தது. "என்னங்க இது?" என்றேன். "சும்மா இரு, கை ஆடும்" என்றார். முதுகு போயிற்று, அடுப்பு போயிற்று, கடைசியில் சட்டியோடு நின்ற பிள்ளையும் போயிற்று. அந்த இடம் லேசாக வெளுத்திருந்தது, அதன் மேல் கொஞ்சம் கரித்தூளைப் பூசினார். பிறகு ஆடை எடுத்த பாலை வாயால் ஊதும் குழாயில் நிரப்பிப் படத்தின் மேல் பனி மாதிரி ஊதினார். அந்தப் பால் காய்ந்துவிட்டால் கரி தாளோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அதில் எதையும் சேர்க்க முடியாது, எதையும் எடுக்க முடியாது. ரொட்டி உருண்டையை நான் கோழிக்குப் போட்டேன்.

அதற்கடுத்த வருஷம் ராவுத்தர் நிலத்தைக் கம்பெனிக்கு விற்றார். நல்ல மனிதர். மரத்தடியில் வெகுகாலமாகப் பிழைப்பவர்களுக்கு ஓரத்தில் ஒரு கடைக்கு இடம் விட வேண்டும் என்று பேசித்தான் விற்றார். அதன்பின் ஊருக்குப் போனவர் அங்கேயே காலமாகிவிட்டார். வேலி போட ஆட்கள் வந்து அக்காவின் அடுப்பைத் தூக்கி வெளியே வைத்தார்கள். அவள் பயப்படவில்லை. "நம்ம தம்பி உள்ளயேதானே இருக்கு" என்று சொல்லிக்கொண்டு, என்னையும் ரெஜினாவையும் அழைத்துக்கொண்டு துரையைப் பார்க்கப் போனாள். துரைக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க உன் அப்பாவைத்தான் கூப்பிட்டார்கள்.

துரையின் நாற்காலிக்குப் பின்னால், சுவரில், கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது அந்தப் படம். ராவுத்தர் பேசி வைத்த இடம் வெகுகாலமாக அங்கே பிழைக்கிற தனக்குத்தான் என்று அக்கா தன் வழக்கைச் சொன்னாள். உன் அப்பா இங்கிலீஷில் சொன்னார். துரை திரும்பிப் படத்தைக் காட்டி ஏதோ கேட்டார். உன் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னார்: "மதினி, இது நெலத்த வாங்குறதுக்கு முந்தி வரைஞ்ச படம். இதுல மரத்தடியில யாரும் இல்லியேன்னு தொர கேக்குறாரு."

அக்கா எழுந்து போய்ப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு திரும்பி, "தம்பி, நீங்க சொல்லுங்க" என்றாள். 

துரை உன் அப்பாவை நேராகக் கேட்டார். எனக்குத் தெரிந்த கொஞ்சம் இங்கிலீஷுக்கே அது புரிந்தது. நீ கண்ணால் பார்த்ததைத்தானே வரைவாய் என்று கேட்டார்.

"யெஸ் சார்" என்றார் உன் அப்பா.

ரெஜினா சின்னப் பிள்ளை. அவளுக்கு அந்த அறையில் பேசக் கூடாது என்று தெரியாது. "சித்தப்பா, என்னையும்தானே போட்டீங்க, சட்டியோட" என்றாள். அதை அவர் இங்கிலீஷில் சொல்லவில்லை. நான் மலாயில் துரையிடம் சொல்ல வாயெடுத்தேன். பியூன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். துரை அடுத்த காகிதத்தை எடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை போட்டேன். "அக்காவ அழிச்சிட்டீங்களே" என்றேன். "படத்துலதானே அழிச்சேன்" என்றார். "அங்க கேட்டப்போ?" என்றேன். அவர் பென்சிலைச் சீவிக்கொண்டே, ரொம்ப நிதானமாகச் சொன்னார்: "பாத்தத்தானே வரைவேன்னு கேட்டாரு. பாக்காம நான் ஒரு கோடும் போட்டதில்ல. நான் சொன்னதுல ஒரு வார்த்த பொய் இருந்தாச் சொல்லு." மகனே, நானும் யோசித்துப் பார்த்தேன். ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அன்றைக்குத்தான் அந்த மனிதர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று எனக்குத் தெரிந்தது.

அக்கா வேறு இடத்தில் அடுப்பு வைத்துப் பார்த்தாள். ஓடவில்லை. ஆட்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. ரெஜினாவைக் கான்வெண்டிலிருந்து நிறுத்திவிட்டு, கூலிம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டாள். போகிற அன்று படகு ஏற்றிவிட நான் போனேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறினாள். வீட்டில் உன்னோடு ஒரே பலகையில் எழுதிய பிள்ளை களை பிடுங்கப் போனாள். உனக்குப் பெரியம்மா வடக்கே வேலைக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னோம். நீயும் அதற்கு மேல் கேட்கவில்லை.

துரை வேலையை விட்டு ஊருக்குப் போனபோது சுவர்க் கடிகாரத்தை எடுத்துக்கொண்டார். ஆர்க்கிட் தொட்டிகளைக்கூட நண்பர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். படத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார். பியூன் அதைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தான். உன் அப்பா பிரித்துப் பார்த்துவிட்டு அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார். அதற்குப் பிறகு அவர் மரம் வரையவில்லை. சில மாதம் கழித்துத்தான் வாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் போயிற்று. வாயில் நாலைந்து வார்த்தைதான் மிச்சம்.

அந்தப் படத்தை அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்துத் துடைத்து, கட்டிலுக்கு எதிரே ஆணியடித்து மாட்டினது நான்தான். உன் மாமியார் ஆகப் போகிறவர் நினைப்பதுபோல் அன்பினால் அல்ல. அவருக்குத் தலையைத் திருப்ப முடியாது என்று எனக்குத் தெரியும். கண்ணைத் திறந்தால் அதுதான் எதிரே. "எடு, எடு" என்று இடது கையால் காட்டுவார். "நல்லாத்தானே இருக்கு, தொரையே மாட்டி வச்ச படம்" என்பேன். காலையில் கஞ்சி ஊட்டும்போது கரண்டியை வாய்க்கு அருகில் நிறுத்திவிட்டுக் கேட்பேன்: "அந்த மரத்தடியில யாராச்சும் இருக்காங்களா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க." கண்ணீர் வழியும். துடைத்துவிட்டு ஊட்டுவேன். பட்டினி போட்டதில்லை, அழுக்கில் போட்டதில்லை, அக்கம்பக்கத்தார் என்னைப் புண்ணியவதி என்றார்கள். நீ லீவில் வரும்போதெல்லாம் அவர் படத்தைப் பார்த்து அழுவதைக் கண்டு, "கை போயிடுச்சேன்னு அப்பாவுக்கு வருத்தம்மா" என்று சொல்வாய். நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவப் போய்விடுவேன். சாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்திலும் இதைச் சொன்னதில்லை. பாவம் என்று தோன்றினால்தானே சொல்ல. இரண்டு வருஷம் அப்படியே கிடந்தார். கடைசி நாளில் "மதினி" என்று ஒரு வார்த்தை வந்தது. அக்காவைக் கூப்பிட்டாரா, மன்னிப்புக் கேட்டாரா, வெறும் நாக்குக் குழறலா, எனக்குத் தெரியாது. நான் குனிந்து கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து, நீ வேலைக்குத் திரும்பிய பிறகு கூலிமுக்குப் போனேன். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வரிசையில் கடைசி அறை. அக்கா விறகு உடைத்துக்கொண்டிருந்தாள். முதுகு வளைந்துவிட்டது. என்னை ஏறிட்டுப் பார்த்து, என் வெள்ளைச் சேலையைப் பார்த்தாள்.

"செத்துட்டானா?"

"ஆமாக்கா."

"எத்தன நாளு கெடந்தான்?"

"ரெண்டு வருசம்."

"கம்மிதான்" என்றாள். அடுத்த விறகை எடுத்தாள்.

படத்தை அவர் எதிரே மாட்டி வைத்திருந்ததைச் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன் போலிருக்கிறது. கோடாலியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "ஏண்டி, அவன் நாக்கு விழுந்தப்புறம்தான் ஒனக்கு நாக்கு வந்துச்சா?" என்று கேட்டாள். உடைத்துக் கிடந்த விறகை நான் பொறுக்கி அடுக்கினேன். 

ரெஜினா ரப்பர் பால் வாளியோடு வந்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. சொன்ன பிறகும் முகம் மாறவில்லை. கை கழுவி, சோறு போட்டாள், ஒரு குறையும் வைக்கவில்லை. புறப்படும்போது அக்கா மட்டும் வாசல் வரை வந்தாள். "தனியா இருக்கமுடியலன்னா வா. மண்தரதான். அவன் பேரச் சொல்லக் கூடாது, அழுவக் கூடாது. ஒன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்கிட்டு வராத" என்றாள். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே உன் வீட்டுக்கு நான் வரமாட்டேன், அருளப்பா. கல்யாணத்துக்கு வந்து, கோயிலில் பின்வரிசையில் நின்று உங்களை ஆசீர்வதித்துவிட்டு, அப்படியே கூலிமுக்குப் போகிறேன். படத்தை உனக்குக் கொண்டுவரும் பெட்டியில் வைத்துக் கட்டிவிட்டேன். மாட்ட வேண்டுமானால் மாட்டு. வேலை சுத்தமானது, அதில் நான் குறை சொல்லமாட்டேன். வருகிறவர்கள் கேட்டால் நடு மரத்தடியில் இருந்தது யார் என்று பெயரைச் சொல். சொல்ல வாய் வராது என்றால் பெட்டியை விட்டு வெளியே எடுக்காதே.

நாளைக்கு நீயும் ஒரு துரைக்குக் கீழேதான் வேலை பார்க்கப் போகிறாய். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள், நீ பெயர் கூப்பிட்டு எழுதுவாய். நீ எழுதினால்தான் ஒருத்தி அன்றைக்கு வேலைக்கு வந்ததாக அர்த்தம், எழுதாவிட்டால் நாள் முழுக்க வெயிலில் நின்றாலும் அவள் வரவில்லை. உன் வேலையைத் துரை மெச்சுகிற நாளும் வரும். அப்போது யாருடைய பெயரை விட்டதற்காக மெச்சுகிறார் என்று பார்த்துக்கொள். உன் அப்பா ரத்தம் உனக்குள் இருக்கிறது, மெச்சினால் உனக்கும் முகம் மலர்ந்துபோகும், எனக்குத் தெரியும். சின்ன வயசிலேயே பார்த்திருக்கிறேன்.

உன் கடிதம் வந்த பிறகு ஒரு நடை கூலிமுக்குப் போய் உன் கல்யாணத்தை ரெஜினாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். உன்னைப் பற்றி அவள் விசாரித்தது ஒன்றே ஒன்று, என்ன உத்தியோகம் என்று. கிராணி என்றேன். "ஓ" என்றாள்.

கல்யாணம் முடிந்து ஒரு நாள் நீயும் உன் மனைவியும் அங்கே வாருங்கள். என்னைப் பார்க்க அல்ல, அவளைப் பார்க்க. அண்ணே என்று கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்து வராதே. கிராணிகள் லயத்துப் பக்கம் வந்தால் எல்லோரும் செய்கிற மாதிரி அவளும் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, "வாங்க ஐயா" என்பாள். வீட்டில் இருப்பது ஒரே பலகை, அதைத் துடைத்து உனக்குப் போடுவாள். அவளாக உட்காரும் வரை நீயும் நின்றுகொண்டிரு.

உன் அம்மா